மலையகத்தில் சேதன இத்தாலியச் சமையல்: எதை வாங்குவது, எதை விடுவது

எல்லப் பக்கம் ஹோட்டலில் வேலை பார்க்கும் தம்பி கொண்டுவந்தோ, இத்தாலியின் பலெர்மோவில் இருக்கும் சித்தப்பா குடும்பம் லீவுக்கு வந்து பழக்கிவிட்டோ, மலையகத்து வீடுகளுக்குள் பாஸ்தா வந்துவிட்டது. வந்த பிறகுதான் சிக்கல். பக்கெட்டில் எழுதியிருப்பது இத்தாலிய மொழி. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் கடல்மட்டத்தில் இருப்பவர்களுக்கு எழுதியவை. சந்தையில் இரசாயனம் போடாத "சேதன மரக்கறி" என்று சொல்லி இரட்டை விலை கேட்கிறார்கள். இதையெல்லாம் சொல்லித்தர ஆளில்லாமல் தட்டுத்தடுமாறித்தான் நான் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தாலியர் வீட்டில் தினமும் சமைப்பது மரக்கறியும் பருப்பு வகையும் மாவும்தான். லீக்ஸ், கரட், கோவா, போஞ்சி, உருளைக்கிழங்கு, செலரி எல்லாம் நம் சந்தையிலேயே குவிந்து கிடக்கின்றன. ஆகவே இறக்குமதிச் சாமான் தட்டில் இவற்றைத் தேடாதீர்கள்.

1. முதலில் என்ன சமைப்பது என்று முடிவு செய்யுங்கள்

பட்டியல் இல்லாமல் சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனால் பெஸ்தோ போத்தல், ஒலிவ் காய், மூன்று நிறப் பாஸ்தா என்று கை போய்விடும். முதல் மாதத்துக்கு நான்கு சாப்பாடு போதும்: தக்காளிப் பாஸ்தா, மினெஸ்ட்ரோனே என்ற மரக்கறி சூப், உருளைக்கிழங்கை மசித்து உருட்டும் ஞொக்கி, சோள மாவில் கிண்டும் பொலெந்தா. பீட்சாவை இப்போதைக்கு விடுங்கள். நல்ல சூடு ஏறும் அவன் இல்லாமல் பீட்சா செய்தால் அது தக்காளி தடவிய ரொட்டிதான்.

2. இறக்குமதிச் சாமான்: மூன்று போதும்

பாஸ்தா, ஒலிவ் எண்ணெய், கடினமான சீஸ் ஒரு துண்டு. விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் ரூபாய்க் கணக்கை விட்டுவிட்டு அளவுக் கணக்கைத் தருகிறேன். அன்றைய விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பாஸ்தா ஒருவருக்கு 80 முதல் 100 கிராம். 500 கிராம் பக்கெட் ஐந்து பேருக்குச் சரி. சோறு சாப்பிட்டுப் பழகிய வயிறு என்றால் நான்கு பேர் என்றே வையுங்கள். ஒலிவ் எண்ணெய் ஒரு குடும்பச் சமையலுக்கு மூன்று மேசைக்கரண்டி, அதாவது 45 மில்லிலீற்றர். 500 மில்லிலீற்றர் போத்தல் பதினொரு சமையலுக்கு வரும். சீஸ் ஒருவருக்கு 15 முதல் 20 கிராம் துருவினால் தாராளம்.

சீஸ் கட்டுப்படியாகவில்லை என்றால் கவலை வேண்டாம். தென் இத்தாலியில் பழைய பாணைத் தூளாக்கி, எண்ணெயில் பூண்டோடு பொன்னிறமாக வறுத்து, சீஸுக்குப் பதிலாகத் தூவும் வழக்கம் இருக்கிறது. முந்தாநாள் பாண் மிச்சம் இருந்தால் செலவே இல்லை. எனக்கு இதுதான் சீஸைவிடப் பிடிக்கும்.

பொலெந்தாவுக்குக் கடையில் கேட்கும்போது கவனம். "கோன் ஃப்ளவர்" என்று கேட்டால் வெள்ளை மாப்பொருள் பெட்டியைத் தருவார்கள். அதைக் கிண்டினால் பசைதான் வரும். மஞ்சள் சோளத்தைக் குருணையாக உடைத்த ரவை வேண்டும். கிடைக்காவிட்டால் காய்ந்த சோளம் வாங்கி மில்லில் கொடுத்து ரவைப் பதத்தில் உடைத்துக்கொள்ளலாம்.

3. பக்கெட்டில் படிக்க வேண்டியவை

இத்தாலியச் சேதனப் பொருளில் பச்சை நிறத்தில், நட்சத்திரப் புள்ளிகளால் வரைந்த இலை ஒன்று இருக்கும். அதுதான் ஐரோப்பிய ஒன்றியத்தின் சேதன முத்திரை. விவசாய மூலப்பொருட்களில் குறைந்தது 95 சதவீதம் சேதனமாக இருந்தால்தான் அதைப் போடலாம். இலைக்குப் பக்கத்தில் "ஐடி பயோ" என்று தொடங்கி ஓர் எண் வரும். சோதித்த நிறுவனத்தின் குறியீடு அது. மூலப்பொருள் ஐரோப்பிய ஒன்றியத்தில் விளைந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்றும் அதே இடத்தில் இருக்கும். இலை இல்லாமல் "பயோ", "நேச்சுரல்" என்று பெரிய எழுத்தில் மட்டும் இருந்தால் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

சீஸில் "டிஓபி" என்ற முத்திரையைப் பார்த்துச் சேதனம் என்று நினைப்பவர்கள் நிறைய. அது ஊரையும் செய்முறையையும் உறுதி செய்கிறது, அவ்வளவுதான். பார்மிஜானோ ரெஜானோ என்றால் குறிப்பிட்ட மாவட்டங்களில் செய்து குறைந்தது 12 மாதம் பதப்படுத்தியது என்று பொருள். மாடு தின்ற புல்லுக்கு மருந்து அடித்தார்களா என்பதை டிஓபி சொல்லாது.

பாஸ்தாவில் "செமோலா டி கிரானோ டூரோ" என்று இருக்க வேண்டும். கடினக் கோதுமை ரவை என்று அர்த்தம். புரதம் 100 கிராமுக்கு 13 கிராமுக்கு மேல் இருந்தால் குழையாமல் நிற்கும். சாதாரணக் கோதுமை மாப் பாஸ்தா விலை குறைவுதான், ஆனால் ஒரு நிமிடம் கவனம் தவறினால் களி.

எண்ணெயில் "எக்ஸ்ட்ரா வேர்ஜின்" மட்டும் வாங்குங்கள். அதன் அமிலத்தன்மை 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது விதி. "போமஸ்" என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் போட்டு எடுப்பது. "லைட்" என்பது சுத்திகரித்தது, கொழுப்பு குறைந்தது அல்ல. கறுத்த போத்தலாகப் பாருங்கள். நுவரெலியாக் குளிரில் எண்ணெய் கலங்கி உறைந்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள். அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் வைத்தால் தெளிந்துவிடும்.

அப்புறம் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் ஒட்டியிருக்கிறதா, காலாவதித் தேதியின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பில் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பில் தர வேண்டியது வியாபாரியின் கடமை. முறைப்பாட்டுக்கு 1977 என்ற தொலைபேசி எண்.

4. "சேதன மரக்கறி" என்றால் கேட்க வேண்டிய பத்திரம்

இங்கேதான் காசு அதிகம் வீணாகிறது. கோணல் கரட், மண் ஒட்டிய லீக்ஸ், பூச்சி ஓட்டை விழுந்த கோவா இதெல்லாம் சேதனத்துக்குச் சாட்சி அல்ல. மருந்து அடித்த கோவாவிலும் ஓட்டை விழும்.

எஸ்.எல்.எஸ். 1324 என்பது சேதன விவசாயத்துக்கான இலங்கைத் தரநிலை. சான்றிதழ் இருப்பதாகச் சொல்பவரிடம் அதன் நகலைக் காட்டச் சொல்லுங்கள், போனில் படமாக இருந்தாலும் சரி. நான்கு விஷயம் பாருங்கள்: யார் பெயரில் இருக்கிறது, எந்தக் காணி, எந்தப் பயிர்கள், எந்தத் தேதி வரை செல்லும். பயிர்ப் பட்டியல் முக்கியம். தேயிலைக்கோ மிளகுக்கோ வாங்கிய சான்றிதழைக் காட்டி அடுத்த பாத்தித் தக்காளியை விற்பது நடக்கிறது. ஏற்றுமதி அபிவிருத்திச் சபையின் கீழ் தேசிய சேதனக் கட்டுப்பாட்டு அலகு என்று ஒன்று இயங்குகிறது. சந்தேகம் இருந்தால் அங்கே விசாரிக்கலாம்.

"ஜீஏபி" என்று ஒட்டிய மரக்கறி வேறு வகை. நல்ல விவசாய நடைமுறை என்ற சான்றிதழ் அது. அதில் இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இடமுண்டு, அளவும் அறுவடைக்கு முன்னான இடைவெளியும் பார்த்து. மோசமானது அல்ல, நானும் வாங்குகிறேன். ஆனால் சேதன விலை கொடுத்து வாங்காதீர்கள்.

சிறு விவசாயிகள் பலரிடம் எந்தப் பத்திரமும் இருக்காது, சான்றிதழ்ச் செலவு அவர்களுக்குக் கட்டாது. அப்படிப்பட்டவரிடம் பத்திரத்துக்குப் பதில் கேள்வி கேளுங்கள். "அண்ணே, லீக்ஸுக்குக் கடைசியா எப்ப மருந்து அடிச்சீங்க?" என்று கேட்டால் நேர்மையானவர் தேதி சொல்வார். "மருந்தே கிடையாது, சுத்தமான சாமான்" என்று சட்டென்று வந்தால், கோவாப் புழுவுக்கும் தக்காளிக் கருகலுக்கும் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். உண்மையில் செய்பவருக்கு அதைப் பற்றிப் பேச நிறைய இருக்கும். முடிந்தால் ஒரு நாள் தோட்டத்தையே போய்ப் பாருங்கள். மேல் பாத்தியில் பக்கத்துக் காணிக்காரர் மருந்து அடித்தால் மழைநீரோடு கீழே வரும், மலைச்சரிவில் இதைப் பார்க்காமல் முடியாது.

கையில் காசு கொஞ்சம்தான் என்றால் அதை இலை வகையில் போடுங்கள்: சலாது, செலரி, கீரை, பிறகு தக்காளி. தோலுரித்துச் சமைக்கும் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் சேதன விலை கொடுப்பது என் கணக்கில் தேவையில்லை.

5. மணத்தழைகளை நட்டுக்கொள்ளுங்கள்

ரோஸ்மேரி, தைம், ஓரெகானோ, பார்ஸ்லி நான்கும் மலைக் காலநிலைக்குப் பொருந்தும். லயத்து முற்றத்தில் பழைய பெயின்ட் வாளிகளில் அடியில் ஓட்டை போட்டு வைத்தாலே வரும். ரோஸ்மேரியைக் கிளை ஒடித்து நடுங்கள், விதை போட்டால் பொறுமை சோதிக்கும். பார்ஸ்லி விதை முளைக்க மூன்று நான்கு வாரம் ஆகும், முளைக்கவில்லை என்று சட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள்.

பேசில்தான் அடம்பிடிக்கும். இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போனால் இலை கறுத்துவிடும். நுவரெலியா, அம்பேவெலப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனியே விழும் என்பதால் அந்த மாதங்களில் சட்டியை வீட்டுக்குள் ஜன்னலோரம் வையுங்கள். பண்டாரவளை, ஹட்டன் உயரத்தில் பெரும்பாலும் சமாளிக்கலாம். விதை கிடைக்கவில்லையா? ஃபலூடாவில் போடும் கசகசாவைத் தூவிப் பாருங்கள், அதுவும் பேசில் குடும்பமே. மணம் கொஞ்சம் சோம்பு கலந்தாற்போல இருக்கும். துளசியைப் போடாதீர்கள், சாப்பாடு கஷாயம் போல ஆகிவிடும்.

பச்சைச் சாணத்தை அப்படியே போட வேண்டாம். பச்சையாகத் தின்னும் இலைக்கு, சாணம் போட்டு நான்கு மாதமாவது ஆன பிறகே அறுவடை. மக்கிய உரம் என்றால் இந்தக் கவலை இல்லை. தக்காளி நடுவதானால் மேலே பொலித்தீன் கூரை கட்டாயம், மழை நனைந்த செடியைக் கருகல் நோய் ஒரே வாரத்தில் முடித்துவிடும். தோட்டக் காணியில் கூரையோ வேலியோ போடுமுன் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். வாய்மொழி அனுமதி, துரை மாறினால் போய்விடும்.

6. உயரக் கணக்கு

செய்முறைகள் நம் ஊரில் பொய்த்துப்போகக் காரணம் இதுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் சுமார் 96. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சூடு அதற்கு மேல் ஏறாது, காஸ்தான் போகும்.

பக்கெட்டில் 9 நிமிடம் என்றால் நுவரெலியாவில் 11, 12 நிமிடம். மணியைப் பார்க்காமல் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், நடுவில் வெள்ளைப் புள்ளி மறையும் தருணத்தில் இறக்குங்கள். 100 கிராமுக்கு 1 லீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலிய அளவு. தண்ணீரை மூடி போட்டுக் கொதிக்க வைத்தால் காஸ் மிச்சம்.

கிட்னி பீன்ஸ், கடலை, கௌப்பி எதுவானாலும் இரவே ஊறவைத்து பிரஷர் குக்கரில் போடுங்கள், நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி. கிட்னி பீன்ஸை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மெல்லிய தீயில் மணிக்கணக்காக வைக்கும் மின்சட்டியில் நேரடியாகப் போடவே கூடாது.

7. சமையலுக்கு வருவோம்

தக்காளிப் பாஸ்தா நான்கு பேருக்கு: நன்கு பழுத்த தக்காளி 1 கிலோ, பூண்டு மூன்று பல், ஒலிவ் எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, உப்பு, பேசில். பூண்டை நசுக்கி எண்ணெயில் மெல்லிய தீயில் வாசம் வரும்வரை மட்டும் விடுங்கள், சிவந்தால் கசக்கும். வெந்நீரில் போட்டுத் தோலுரித்த தக்காளியைக் கையால் மசித்துச் சேர்த்து 25 நிமிடம் திறந்தே வையுங்கள். பாஸ்தா வெந்த தண்ணீரில் ஒரு கப் எடுத்து வைத்துவிட்டுத்தான் வடிக்க வேண்டும். பாஸ்தாவைச் சட்டியிலேயே குழம்போடு போட்டு, அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் விட்டு ஒரு நிமிடம் கிளறினால் எல்லாம் ஒன்றாகப் பிடிக்கும். வெந்த பாஸ்தாவைக் குழாய்த் தண்ணீரில் அலசுவது நம் ஊரில் சகஜம். அலசினால் மேலே உள்ள மாப்பசை போய்விடும், குழம்பு ஒட்டாது.

வீட்டில் பெரியவர்கள் "என்ன இது, சப்புன்னு இருக்கு" என்பார்கள். வறுத்த மிளகாய்த் தூளைக் கூச்சமில்லாமல் போடுங்கள், தென் இத்தாலியின் கலாப்ரியாக்காரர்கள் போடுகிறார்கள். நெத்தலிக் கருவாட்டைத் தலை கிள்ளிக் கழுவிப் பூண்டோடு வதக்கினால், இத்தாலியர் உப்பில் ஊறிய அஞ்சோவி மீன் போடும் இடத்துக்குச் சரியாக வந்து உட்காரும். அப்போது உப்பைக் குறையுங்கள்.

மினெஸ்ட்ரோனேவுக்கு அளவே இல்லை. லீக்ஸ், கரட், செலரித் தண்டை எண்ணெயில் பத்து நிமிடம் மெதுவாக வதக்குவதில்தான் ருசி இருக்கிறது, அதை அவசரப்படுத்தாதீர்கள். பிறகு உருளைக்கிழங்கு, போஞ்சி, கோவா, வேகவைத்த கௌப்பி, தண்ணீர். முக்கால் மணி நேரம். சீஸ் துண்டின் கெட்டித் தோல் இருந்தால் அதையும் போடுங்கள், கடைசியில் எடுத்துவிடலாம். விறகு அடுப்பு உள்ள வீட்டுக்கு இதைவிடத் தோதான சமையல் இல்லை. மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

ஞொக்கிக்குப் புதுக்கிழங்கு வேண்டாம், கொஞ்ச நாள் கிடந்த மாவுக்கிழங்கு எடுங்கள். 1 கிலோவைத் தோலோடு அவித்து, சூட்டோடு உரித்து மசித்து, 250 முதல் 300 கிராம் கோதுமை மா சேர்த்துப் பிசையாமல் சேர்த்துப் பிடித்தாலே போதும். அழுத்திப் பிசைந்தால் ரப்பர். விரல் தடிமனில் உருட்டி வெட்டி, கொதிநீரில் போட்டு மிதந்ததும் அள்ளுங்கள். பொலெந்தா ஒரு பங்கு ரவைக்கு நான்கு பங்கு தண்ணீர், 40 நிமிடம் கிண்ட வேண்டும். குரக்கன் களி கிண்டிய கைக்குப் புதிதல்ல.

மென்மையான சீஸ் வேண்டுமென்றால் காலையில் கறந்த பசும்பால் 2 லீற்றரைக் காய்ச்சி, பொங்கும் நேரத்தில் தேசிக்காய்ச் சாறோ வினாகிரியோ நான்கு மேசைக்கரண்டி விட்டுத் திரித்து, துணியில் வடியுங்கள். 300 கிராமுக்கு மேல் கிடைக்கும். செய்முறையில் ரிக்கொட்டா என்ற மென்மையான சீஸ் கேட்கும் இடத்திலெல்லாம் இதைப் போடலாம்.

8. சொந்தக்காரர் பெட்டியில் கொண்டுவந்தால்

உலர் பாஸ்தா, சீல் உடைக்காத எண்ணெய் சரி. எண்ணெயைக் கைப்பையில் வைக்க விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் துணி சுற்றி வைக்கச் சொல்லுங்கள். விதையும் நாற்றும் வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவற்றுக்கு முன்கூட்டியே அனுமதிப்பத்திரமும், அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்கவிலுள்ள தேசியத் தாவரத் தனிமைப்படுத்தல் சேவை அதைப் பார்க்கும். சலாமி, ஹாம் போன்ற இறைச்சி வகைக்குக் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி தேவை. ஒரு சலாமிக்காக யாரும் இந்த அலைச்சல் படத் தேவையில்லை.

9. தக்காளி மலிவாகும்போது போத்தலில் அடைப்பது

தென்மேல் பருவமழையில் ஹட்டன் நனையும் மாதங்களில் ஊவாப் பக்கம் வெயில். எங்கு விலை விழுகிறதோ அங்கிருந்து வாங்குங்கள். பண்டாரவளை ஞாயிறு சந்தையில் பின்னேரம் போனால் கனிந்ததைக் கூடையோடு பேரம் பேசலாம். வெடித்தது, அழுகியது மட்டும் வேண்டாம்.

அரை லீற்றர் கண்ணாடிப் போத்தல், புது மூடி. தோலுரித்து மசித்த தக்காளியைத் தண்ணீர் சேர்க்காமல் கொதிக்க வைத்துச் சூடாக நிரப்புங்கள். ஒவ்வொரு போத்தலுக்கும் சிட்ரிக் அமிலம் கால் தேக்கரண்டி கட்டாயம். தேசிக்காய்ப் புளிப்பு காய்க்குக் காய் மாறும், அதை நம்பாதீர்கள். விளிம்பில் ஒரு விரல் அகலம் இடம் விட்டு மூடி, போத்தல் முழுக முழுகத் தண்ணீர் விட்டுக் கொதிக்க வையுங்கள். கடல்மட்டத்தில் 35 நிமிடம் என்றால் ஹட்டன், பண்டாரவளை உயரத்தில் 45, நுவரெலியாவில் 50. கொதி வந்த பிறகுதான் நேரத்தை எண்ண வேண்டும்.

பூண்டு, எண்ணெய், பேசில் எதையும் போத்தலுக்குள் போடாதீர்கள், சமைக்கும்போது சேர்த்துக்கொள்ளலாம். பூண்டை எண்ணெயில் ஊறவைத்து அலமாரியில் வைப்பதும் கூடாது. பொட்டுலிசம் என்ற கொடிய நோயைத் தரும் நஞ்சு காற்றில்லாத இடத்தில் உருவாகும், நிறமோ வாசமோ காட்டிக்கொடுக்காமலும் இருக்கலாம். ஆறிய பிறகு மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள். டிக் என்று மேலெழும்பினால் சரியாக அடைபடவில்லை, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். மற்றவற்றில் தேதி எழுதி இருட்டான இடத்தில் ஒரு வருடம் வரை வைக்கலாம். எப்போதாவது மூடி உப்பியிருந்தாலோ திறக்கும்போது நுரைத்துப் பீறிட்டாலோ ருசி பார்க்காமல், மாடும் நாயும் எட்டாத இடத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.